முதல் தடவை லைவ்ல பாத்தது: மெட்டாலிக்கா, பெங்களூரு, 2011. கேட்டது எவ்வளவு, நானா நினைச்சுக்கிட்டது எவ்வளவு

23 அக்டோபர் 2021, கேள்வி

கொரோனாவால ரெண்டு வருஷமா எங்கயும் ஒரு ஷோ இல்ல, அதனால கேக்கறேன். எனக்குப் பிடிச்ச எந்த ராக் பேண்டையும் இதுவரைக்கும் நேர்ல பாத்தது கிடையாது. பாத்துட்டு வந்தவங்க எல்லாம் சாமி பாத்த மாதிரி பேசறாங்க. நல்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஃபேனுக்குக் கீழ படுத்துக் கேக்கறதை விட, கூட்டத்துல மிதி வாங்கிட்டு கேக்கறது எப்படி மேலன்னு எனக்குப் புரியல. முதல் தடவை பாத்தவங்க பில்டப் இல்லாம உண்மையைச் சொல்லுங்க.

23 அக்டோபர், ராத்திரி 11:40

மேலன்னு யாரு சொன்னா. நான் பாத்தது மெட்டாலிக்கா, 2011 அக்டோபர் 30, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ். வர்ற சனிக்கிழமையோட சரியா பத்து வருஷம். முதல் இருபது நிமிஷம் எனக்கு பாட்டே கேக்கல, பக்கத்துல நின்னவன் கத்தினதுதான் கேட்டுச்சு. அவனுக்கு நான் கத்தினது கேட்டிருக்கும். சவுண்டுக்காக போறதா இருந்தா போகாதீங்க, ஹெட்போன்தான் பெஸ்ட்.

ஆனா நான் போனேன், மறுபடி வந்தாலும் போவேன். ஏன்னு கேட்டா நாளைக்கு எழுதறேன், இப்ப தூக்கம் வருது.

24 அக்டோபர்

எங்கேருந்து ஆரம்பிக்கறது. எங்க ஊர் ஆம்பூர். பிரியாணி ஜோக் எல்லாம் இங்கயே முடிச்சுக்கோங்க, மேல தொடர வேண்டாம். ஒன்பதாவது படிக்கறப்ப தெருவுல ஒரு அண்ணன் காலேஜ்லேருந்து எம்பித்ரீ சிடி ஒண்ணு கொண்டாந்தார், நூத்தி அம்பது பாட்டு, மார்க்கர்ல "ஹெவி"ன்னு மட்டும் எழுதியிருக்கும். அதுல பாதி பாட்டுக்கு பேரு தப்பு. வேற யாரோ பாடின ரெண்டு பாட்டை மெட்டாலிக்கா பாட்டுன்னு நாலு வருஷம் நம்பிட்டு இருந்தேன், ஹாஸ்டல்ல ஒருத்தன் கிட்ட பந்தயம் கட்டி அம்பது ரூபாய் தோத்தப்பதான் விஷயமே தெரிஞ்சுது. ஒரிஜினலா நான் வாங்கின முதல் ஆல்பம் மெட்டாலிக்காவோட அந்தக் கருப்பு அட்டை ஆல்பம்தான், 1991ல வந்தது, நான் வாங்கறப்பவே அதுக்குப் பதினாலு வயசு. இந்த வருஷம் முப்பது ஆயிடுச்சு.

2007 மார்ச் 17, இதே பேலஸ் கிரவுண்ட்ஸ்ல அயர்ன் மெய்டன் வாசிச்சாங்க. உச்சத்துல இருக்கற ஒரு பெரிய மெட்டல் பேண்டு நம்ம பக்கம் வர்றது எங்களுக்கெல்லாம் அப்ப நம்ப முடியாத விஷயம். எனக்கு பிளஸ் டூ பரீட்சை நடந்துட்டு இருந்துச்சு. ஆம்பூர்லேருந்து பெங்களூருக்கு மூணு, மூணரை மணி நேரம்தான், ஆனா வீட்ல கேக்கற தைரியமே வரல. பேப்பர்ல ஃபோட்டோ பாத்துட்டு கெமிஸ்ட்ரி புக்கை மூடிட்டு சாப்பிடாம படுத்தேன். அம்மா எனக்கு ஜுரம்னு நினைச்சு மிளகு ரசம் வெச்சாங்க.

அதனால 2011ல மெட்டாலிக்கா டிக்கெட் விக்க ஆரம்பிச்சப்ப யோசிக்கவே இல்ல. காலேஜ் முடிச்சு சென்னைல வேலைக்குச் சேந்து மூணு மாசம். முதல் சம்பளத்துல அம்மாவுக்குப் புடவை, ரெண்டாவது சம்பளத்துல டிக்கெட். வரிசை சரியாத்தான் இருக்கு இல்ல?

அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 26, புதன்கிழமை. கச்சேரி ஞாயித்துக்கிழமை. நடுவுல ரெண்டு நாள் லீவு போட்டு ஊர்லயே இருந்துட்டேன். தீபாவளிக்கு பேண்டு பேரு போட்ட கருப்பு டிஷர்ட் போடறேன்னு சொன்னதுக்கு அம்மா "நல்ல நாளும் அதுவுமா கருப்ப போட்டுக்கினு சாமி முன்னாடி நிக்கப் போறியா"ன்னு ஒரே போடு. சந்தனக் கலர் சட்டை போட்டேன். டிஷர்ட்டை கச்சேரிக்குன்னு மடிச்சு வெச்சேன்.

அப்புறம் ஷூ. இதை சொல்லியே ஆகணும். அப்பா ஷூ கம்பெனில லாஸ்டிங் செக்‌ஷன்ல இருந்தார், கம்பெனி பேரெல்லாம் வேண்டாம். லாஸ்டிங்னா தச்சு வர்ற அப்பரை (ஷூவோட மேல் தோலை) கால் வடிவ கட்டை மேல இழுத்துப் பூட்டி ஷூவுக்கு உருவம் குடுக்கற இடம். எக்ஸ்போர்ட்ல ரிஜெக்ட் ஆகற பீஸ் எப்பவாவது ஸ்டாஃபுக்கு கம்மி விலைக்குக் கிடைக்கும். அந்தத் தீபாவளிக்கு எனக்கு ஒரு ஜோடி வந்துச்சு, பிரவுன் கலர், நல்ல தோல், இடது கால்ல தையல் ஒரு நூல் விலகியிருக்கும், அவ்வளவுதான் குத்தம். "இத்த போட்டுக்கினு கூட்டத்துக்குப் போவாத"ன்னு அப்பா தனியா சொன்னார். போட்டுக்கினு போனேன்.

25 அக்டோபர்

குர்கான் பத்தி ஒருத்தர் கேட்டிருக்கார். ஆமா, முதல் ஷோ பெங்களூரு இல்ல, டெல்லி பக்கத்துல குர்கான்லதான் நடக்க வேண்டியது. 29ஆம் தேதி. நடக்கல. மேடைக்கு முன்னாடி இருந்த தடுப்பு உடைஞ்சு போச்சு, முதல்ல நாளைக்கு நடக்கும்னாங்க, அப்புறம் மொத்தமா கேன்சல். கூட்டம் மேடை ஏறி சாமானை உடைச்சதை டிவில திரும்பத் திரும்பக் காட்டினாங்க. ஆம்பூர்ல வீட்டு ஹால்ல உக்காந்து அதைப் பாக்கறேன், டிக்கெட் பேண்ட் பாக்கெட்டுல இருக்கு, அப்பா டிவியைப் பாக்கறார், என்னைப் பாக்கறார், மறுபடி டிவியைப் பாக்கறார். "இதுக்கா போற?"

25 அக்டோபர், கொஞ்ச நேரம் கழிச்சு

தப்பு. குர்கான் 28, வெள்ளிக்கிழமை. 29ன்னு எழுதிட்டேன். டிவில பாத்தது சனிக்கிழமை, அதனால குழம்பிட்டேன் போல. இந்தியாவுல முதல் ஃபார்முலா ஒன் ரேஸ் அதே ஞாயித்துக்கிழமைதான், நொய்டா பக்கத்துல. அந்த ரேஸை ஒட்டித்தான் குர்கான் கச்சேரியும் வெச்சிருந்தாங்க.

26 அக்டோபர்

சரி, கச்சேரி.

சனிக்கிழமை ராத்திரியே ஓசூர்ல ஃப்ரெண்டு வீட்டுக்குப் போயிட்டேன். இனிமே அவன் பேரு ஓசூரான். காலைல பைக்ல பெங்களூரு. அங்க மெட்ரோ திறந்து பத்து நாள்தான் ஆயிருந்துச்சு, பையப்பனஹள்ளிலேருந்து எம்ஜி ரோடு வரைக்கும், அவ்வளவுதான் மொத்த மெட்ரோவே. சென்னைல அப்ப தூண் கூட முழுசா நிக்கல. கச்சேரிக்கு வந்தவனுங்க ரெண்டு பேரும் குழந்தை மாதிரி மெட்ரோல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போயிட்டு வந்தோம். எதிர் சீட்டுல ஒரு குடும்பம் இட்லி சாப்பிட்டுட்டே வந்தாங்க.

மதியத்துக்கு மேல மேக்ரி சர்க்கிள் பக்கம் வண்டியைப் போட்டுட்டு நடந்தோம். கேட்டுக்கு முன்னாடியே தரை காட்டிக் குடுத்துடுச்சு. மழை பெஞ்ச செம்மண், அதை ஆயிரக்கணக்கான காலு மிதிச்சா என்னாகும், நாத்து நடற பதத்துக்கு வந்துடுச்சு. காலை வெச்சா "ப்ளக்"னு உள்ள போகும், எடுக்கறப்ப ஷூவை மண்ணு புடிச்சு வெச்சுக்கும். ஹவாய் செருப்புல வந்தவங்க பாதி பேரு அதைக் கையில எடுத்துக்கிட்டாங்க. நான் அப்பாவை நினைச்சேன். ரொம்ப நேரம் இல்ல, ஒரு அஞ்சு செகண்டு.

முதல்ல பெங்களூரு பேண்டு இன்னர் சாங்க்டம் வாசிச்சாங்க, நல்லாவே இருந்துச்சு. அப்புறம் ஸ்காட்லாந்துலேருந்து பிஃபி கிளைரோ. பாவம் அவங்க. முன்னாடி நின்ன மொத்தக் கூட்டமும் ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் கை தட்டறதுக்குப் பதிலா "மெ-ட்டா-லி-க்கா"ன்னு கோஷம் போடுது. நானும் போட்டேன். பின்னாடி அவங்க ஆல்பம் எல்லாம் தேடித் தேடிக் கேட்டேன், இப்ப ரொம்பப் பிடிக்கும். அன்னைக்கு நாப்பது நிமிஷம் முன்னாடி நின்னு கேக்காம விட்டதுக்கு இப்ப வருத்தப்பட்டு என்ன பண்றது.

அப்புறம் லைட் அணைஞ்சுது. ஸ்கிரீன்ல அந்தப் பழைய கௌபாய் படத்துக் காட்சி, சுடுகாட்டுல ஒருத்தன் கல்லறை கல்லறையா ஓடித் தேடுவானே அது, என்னியோ மோரிக்கோனே மியூசிக். 1983லேருந்து அவங்க மேடை ஏர்றதுக்கு முன்னாடி போடறது அதுதான். யூட்யூப்ல நான் ஒரு இருநூறு தடவை பாத்திருப்பேன், அந்த டியூன் எனக்கு மனப்பாடம். ஆனா அத்தனை ஆயிரம் பேரு வார்த்தையே இல்லாத ஒரு டியூனை வாயாலயே பாடறாங்க, அது நான் எதிர்பாக்காதது. பக்கத்துல ஒரு அம்பது வயசுக்காரர், ஆஃபீஸ் சட்டை இன் பண்ணி, கண்ணை மூடிட்டு பாடறார். எனக்கு அங்கயே தொண்டை அடைச்சுது, பேண்டு இன்னும் மேடைக்கே வரல.

அதுக்கப்புறம் நடந்ததுல எனக்கு வரிசையா எதுவும் ஞாபகம் இல்ல. துண்டு துண்டாத்தான் இருக்கு. பாடிக்கிட்டே கிதார் வாசிக்கற ஹெட்ஃபீல்டோட வலது கை. அந்தக் கை கீழ மட்டும்தான் அடிக்கும், மேல போறப்ப தந்தியைத் தொடாது, அத்தனை வேகத்துலயும். கிதார் வாசிக்கற எவனும் அதை ரெண்டு நிமிஷம் செஞ்சு பாத்தா மணிக்கட்டு செத்துடும். ஸ்கிரீன்ல அந்தக் கையை மட்டும் பெருசா காட்டினாங்க, ஓசூரான் (அவன் கிதார் வாசிப்பான்) வாயைத் திறந்துட்டு பாத்துட்டே நின்னான், குதிக்கக் கூட இல்ல.

அப்புறம் அந்தப் போர்ப் பாட்டு, 1988 ஆல்பத்துல வர்றது. ஆரம்பத்துல துப்பாக்கிச் சத்தம், ஹெலிகாப்டர் சத்தம் எல்லாம் ஓடும், இருட்டா இருக்கும், திடீர்னு மேடைல வெடி. பின்னாடியிலேருந்து சுத்தத் தமிழ்ல ஒரு குரல்: "டேய்! பத்தாயிரம் வாலாடா!" சுத்தி ஒரு இருபது பேரு சிரிச்சோம். அந்தக் கூட்டத்துல பாதி ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர், சென்னைன்னு அப்பதான் புரிஞ்சுது.

ஆனா நான் சொல்ல வந்தது மென்மையான பாட்டு. கருப்பு ஆல்பத்துல இருக்கே, தந்தியை ஒவ்வொண்ணா மீட்டிட்டு ஆரம்பிக்குமே, "நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்". ஹெட்ஃபீல்டு ஸ்டூல் போட்டு உக்காந்து வாசிச்சார், கூட்டம் மொத்தமும் ஃபோன் லைட்டைத் தூக்கிப் புடிச்சுது, நான் ஓசூரான் தோள் மேல கை போட்டுட்டு நின்னு அழுதேன். முன்னாடியிலேருந்து நாலாவது அஞ்சாவது வரிசைல இருந்தோம், அவர் விரலே தெரிஞ்சுது. கேள்வி கேட்டவருக்கு என் பதில் அதுதான். ஹெட்போன்ல நான் அழுததில்ல.

27 அக்டோபர்

நாலாவது வரிசைன்னு சொன்னதை ஒருத்தர் நக்கல் பண்ணியிருக்கார். சரி சரி. அவ்வளவு முன்னாடி இல்ல. மேடைலேருந்து ஒரு முப்பது நாப்பது மீட்டர் இருக்கும். விரல் தெரிஞ்சுது, ஸ்கிரீன்ல.

27 அக்டோபர், மறுபடியும்

அம்மாவுக்கு ஃபோன் பண்ணினேன். அந்தக் கருப்பு டிஷர்ட் நான் கச்சேரிக்குப் போட்டுட்டு போகவே இல்லையாம். "மறந்து வெச்சுட்டு போய்ட்ட, பீரோலதான் இருந்துச்சு, பொங்கலுக்கு அத்த வெச்சுதான் கிரில்லு தொடச்சேன்"ங்கறாங்க. பழைய ஃபோட்டோ ஒண்ணு தேடிப் புடிச்சேன், மெட்ரோ ஸ்டேஷன்ல எடுத்தது. அதுல நான் போட்டிருக்கறது தீபாவளிச் சந்தனக் கலர் சட்டை. உலகத்துலயே மெட்டாலிக்கா கச்சேரிக்கு சந்தனக் கலர் சட்டை போட்டுட்டு போன ஒரே ஆள் நான்தான் போல.

28 அக்டோபர்

காது பத்தி சொல்லிடறேன், இது விளையாட்டு இல்ல. கச்சேரி முடிஞ்சு வெளிய வந்தப்ப உலகமே பஞ்சுல சுத்தி வெச்ச மாதிரி இருந்துச்சு, கூடவே "ங்ங்ங்"னு ஒரு சத்தம், ரெண்டு நாள் போகல. அமெரிக்காவுல வேலை செய்யற இடத்துப் பாதுகாப்புக்குன்னு ஒரு நிறுவனம் இருக்கு, நியோஷ், அவங்க கணக்குப்படி 85 டெசிபல்னா 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறவும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான் வரும். ராக் கச்சேரில முன்னாடி நின்னா 100 எல்லாம் சர்வ சாதாரணம், ரெண்டு மணி நேரம் நிக்கறோம். மருந்துக் கடைல நுரை மாதிரி காதடைப்பான் விக்கறான், வாங்கிட்டு போங்க, பாட்டு அப்பவும் கேக்கும். பஞ்சை உருட்டி வெச்சுக்கறதெல்லாம் சும்மா மனசுக்குத்தான்.

எனக்கு இப்ப முப்பத்தொண்ணு. ராத்திரி ஃபேன் நின்னா இடது காதுல சின்னதா அந்த "ங்ங்" இன்னும் கேக்குது. அன்னைக்கு வந்ததா, அப்புறம் ஹெட்போன்ல வந்ததான்னு சொல்ல முடியாது. ஹெட்போன் பெஸ்ட்னு முதல் நாள் எழுதினேன் இல்ல, அதையும் பாத்து வைங்க.

30 அக்டோபர்

இன்னைக்கு பத்து வருஷம். ஓசூரானுக்கு ஃபோன் போட்டேன், இந்த இழையோட லிங்க்கும் அனுப்பினேன். படிச்சுட்டு அவனே திரும்பக் கூப்பிட்டான்.

"டேய், அந்தப் பாட்டுக்கு நீ எங்க இருந்த?"

"உன் தோள் மேல கை போட்டுட்டு இருந்தேன்."

"என் தோள் மேல யாரோ ஒரு மலையாளி கை போட்டுட்டு இருந்தான். நீ தண்ணி வாங்கறேன்னு போனவன், அடுத்த பாட்டு பாதில திரும்பி வந்த. ஒத்தை ஷூவோட வந்த, கையில ஒரு ஷூ. மறந்துட்டியா?"

சத்தியமா கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரல. பத்து வருஷமா இந்தக் கதையை எத்தனை பேருக்கு சொல்லியிருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடி என் பொண்டாட்டிகிட்ட ரெண்டாவது தடவை பேசினப்ப இதைத்தான் சொன்னேன்.

அவன் சொன்னதுக்கப்புறம் மெதுவா வந்துச்சு. தண்ணிக் கவுண்டர். கூட்டத்தோட கடைசில, மேடைலேருந்து நூறு மீட்டருக்கு மேல. திரும்பி நடக்க ஆரம்பிக்கறப்ப இடது ஷூ சேத்துல மாட்டுச்சு, நான் இழுத்த இழுப்புல கால் வெளிய வந்துடுச்சு, ஷூ உள்ளயே நின்னுடுச்சு. தண்ணி பாட்டிலை அக்குள்ள இடுக்கிட்டு, ஒத்தைக் கால்ல நின்னு, குனிஞ்சு ரெண்டு கையாலயும் ஷூவைத் தோண்டறேன். அப்பா முகம் தெரியுது. அப்பதான் தந்தியை ஒவ்வொண்ணா மீட்டற அந்த மீட்டல் ஆரம்பிச்சுது.

நிமிந்து பாத்தேன். எனக்குத் தெரிஞ்சது கூட்டத்தோட முதுகுதான். வெளிச்சம் முன்னாடி, முதுகெல்லாம் இருட்டு. ஸ்கிரீன்ல அவர் கை மீட்டுது, சத்தம் கொஞ்சம் கழிச்சு வருது. பின்னாடி உக்காந்து கணக்குப் போட்டேன், சத்தம் செகண்டுக்கு 340 மீட்டர் போகும், நூறு மீட்டர் தாண்டி நின்னா கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு செகண்டு லேட். கண்ணுக்கு அது நல்லாவே தெரியும், டப்பிங் ஒட்டாத படம் மாதிரி. தண்ணிக் கவுண்டர்ல இருந்த பையன் (கன்னடக்காரன், பதினஞ்சு பதினாறு வயசு) என் ஷூவைப் பாத்து சிரிச்சுட்டு, கழுவறதுக்கு ஒரு பாக்கெட் தண்ணி ஓசில குடுத்தான். நான் கழுவல, குடிச்சுட்டேன்.

முழுப் பாட்டும் அங்கதான் கேட்டேன். அழல. ஷூவைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான்.

ஸ்டூல், ஃபோன் லைட்டு, விரல் எல்லாம் யூட்யூப்ல வேற ஏதோ ஊர் கச்சேரில பாத்ததா இருக்கணும். 2011ல நம்ம கிட்ட இருந்த ஃபோன்ல எத்தனைல டார்ச் இருந்துச்சு, யோசிச்சுப் பாருங்க. நோக்கியா ஸ்கிரீன் வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டியிருப்பாங்க, நீல நீலமா.

31 அக்டோபர்

"அப்ப நீங்க சொன்னது எல்லாமே பொய்தானே"ன்னு கேள்வி கேட்டவரே வந்து கேட்டிருக்கார். நியாயம்தான். ஆனா பொய் சொல்லணும்னு சொல்லல. கருப்பு டிஷர்ட், நாலாவது வரிசை, அழுகை, மூணும் போச்சு. மிச்சம் இருக்கறதை நேத்து ராத்திரி எண்ணிப் பாத்தேன். கல்லறை டியூனை எல்லாரும் பாடினது இருக்கு, ஓசூரானும் அதைச் சொல்றான். பத்தாயிரம் வாலா இருக்கு. கடைசிப் பாட்டுக்கு மைதானத்து லைட்டு மொத்தத்தையும் போட்டுட்டாங்க, 1983 முதல் ஆல்பத்துப் பாட்டு, அப்பல்லாம் பெரும்பாலும் அதைப் பாடித்தான் முடிப்பாங்க, அப்பதான் நாங்க ஒருத்தர ஒருத்தர் முதல் தடவையா வெளிச்சத்துல பாத்தோம். முழங்கால் வரைக்கும் எல்லாரும் ஒரே கலர். அது எந்த வீடியோலயும் நான் பாக்கல, ஏன்னா எந்த வீடியோவும் காலைக் காட்டாது. அதனால அது என்னோடதுதான்.

ஹெட்போன் கேள்விக்கு இப்ப என்ன பதில்னு தெரியல. அந்தப் பாட்டை ஹெட்போன்ல ஆயிரம் தடவை கேட்டிருப்பேன், ஒரு தடவை கூட எங்க உக்காந்து கேட்டேன்னு ஞாபகம் இல்ல.

5 நவம்பர்

தீபாவளி முடிஞ்சுது, ஊர்ல இருக்கேன். இதுவும் நம்ம தெருக்கூத்து பாக்கற மாதிரிதானான்னு ஒருத்தர் கேட்டதுக்கு பதில் சொல்லவே இல்ல. "நம்ம ஊர்ல லைவ் மியூசிக் கலாச்சாரமே இல்ல"ன்னு வேற ஒருத்தர் எழுதியிருந்தார், அவருக்கும் சேத்து.

எனக்கு ஆறு ஏழு வயசுல தாத்தா தோள்ல தூக்கிட்டு போய் பம்பைக்காரங்க பக்கத்துல உக்கார வெச்சார், அம்மன் கோயில் திருவிழா. பம்பை அடி காதுல விழறதுக்கு முன்னாடி வயித்துல விழும். பேலஸ் கிரவுண்ட்ஸ்ல மெட்டாலிக்கா டிரம்மர் லார்ஸ் உல்ரிக் முதல் தடவை கால் டிரம்மை மிதிச்சப்ப எனக்கு ஞாபகம் வந்தது தாத்தா தோளோட வேர்வை வாசனை. இதை அப்ப யார்கிட்டயும் சொல்லல, கருப்பு டிஷர்ட் கூட்டத்துல அம்மன் கோயிலைப் பத்தி எங்க பேசறது. கூத்துல கட்டியக்காரன் வர்ற வரைக்கும் ஜனங்க பேசிக்கிட்டும் கடலை தின்னுக்கிட்டும் இருப்பாங்க, பிஃபி கிளைரோவுக்கு நாங்க பண்ணதும் அதேதான்.

(இதுவும் நானா சேத்துக்கிட்ட ஞாபகமான்னு கேக்காதீங்க. தாத்தா இல்ல, கேட்டுச் சரிபாக்க முடியாது.)

6 நவம்பர்

திரும்பி வந்த கதையை விட்டுட்டேன். ராத்திரி கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வரைக்கும் நடை, அன்ரிசர்வ்டு பெட்டி, கதவு பக்கத்துல நின்னுட்டே வந்து ஜோலார்பேட்டைல இறங்கி பெஞ்சுல படுத்துட்டேன். பெட்டிக்குள்ள ஒரு பெரியம்மா என் காலைப் பாத்துட்டு "எந்த ஊர்ல கண்ணு நடவு?"ன்னு கேட்டாங்க. எனக்கு சரியா கேக்கல, காதுதான் போயிருந்துச்சே, "ஆமாங்க"ன்னேன்.

விடிஞ்சு பஸ் புடிச்சு வீட்டுக்கு வந்தா அப்பா வாசல்ல பல் தேச்சுட்டு இருக்கார். ஷூவைப் பாத்தார். "இன்னாடா இது?" அவ்வளவுதான் கேட்டார். நான் பேண்டு பத்தி ஏதோ சொல்ல ஆரம்பிச்சேன், அவர் அதுக்குள்ள ஷூவை வாங்கிட்டு உள்ள போயிட்டார்.

தோல் ஷூ நனைஞ்சா வெயில்ல வெக்கக் கூடாது, தெரியுமா? வெயில் பட்டா தோல் விறைச்சு வெடிக்கும். நிழல்ல ஆற விட்டு, சேறு காஞ்சதும் குச்சியால தட்டி உதிர்த்து, ஈரத்துணில துடைச்சு, உள்ள பேப்பரைத் திணிச்சு வெக்கணும். பேப்பர் ஈரத்தை உறிஞ்சும், வடிவத்தையும் பிடிச்சுக்கும். அன்னைக்கு அப்பா ஷிஃப்டுக்கு அரை மணி நேரம் லேட்டாப் போனார். நான் தூங்கிட்டேன்.

21 நவம்பர்

பாலாறு நியூஸ் எல்லாரும் பாத்திருப்பீங்க. வருஷம் முழுக்க மணலா கிடக்கற ஆறு, இந்த வாரம் கரை தெரியாம ஓடுது, பாலத்து மேல நின்னு ஊரே செல்ஃபி எடுக்குது. எங்க வீடு ஆத்தை விட்டுத் தள்ளித்தான், ஆனா மழைல பரண் ஒழுகுது. நேத்து நானும் அப்பாவும் மேல இருந்ததை எல்லாம் இறக்கினோம். பித்தளை அண்டா, என் பிளஸ் டூ கைடு, ஒரு அட்டைப் பெட்டி. பெட்டிக்குள்ள அந்த பிரவுன் ஷூ.

உண்மையைச் சொல்றேன், சேறு ஒட்டியிருக்கும்னு எதிர்பாத்தேன். ஃபோட்டோ எடுத்து இங்க போடலாம், ஏதாவது ஒண்ணாவது நிஜம்னு காட்டலாம்னு நினைச்சேன். ஒரு துளி இல்ல. வெல்ட் (மேல் தோலும் அடிப்பாகமும் சேர்ற இடத்துப் பட்டை) ஓரத்துல, தையல் சந்துல, நாக்குக்கு அடியில எங்கயும் இல்ல. விலகியிருந்த நூலைக் கூட யாரோ திரும்பத் தச்சிருக்காங்க.

உள்ள திணிச்சிருந்த பேப்பரை உருவினேன், பழுப்பேறி நொறுங்குது. 2011 அக்டோபர் 31 தேதி, திங்கக்கிழமை பேப்பர். விளையாட்டுப் பக்கம். முந்தின நாள் ரேஸ்ல வெட்டல் ஜெயிச்ச செய்தி. ரெண்டு ஷூவுலயும் இருந்த பேப்பர் மொத்தத்தையும் தரையில விரிச்சு வெச்சு தேடினேன். பெங்களூரு கச்சேரி பத்தி ஒரு வரி இல்ல. ஒரு கல்யாண மண்டபத்து விளம்பரம், ஒரு காணவில்லை, தங்கம் விலை.

"இன்னா தேடற?"ன்னார் அப்பா.

"இந்த ஷூ போட்டுட்டு போனேனே, அந்த கச்சேரி."

"அது இன்னா கச்சேரி? யாரு பாடினது?"

பத்து வருஷத்துல முதல் தடவையா கேக்கறார். ஃபோன்ல எடுத்துக் காட்டினேன், தந்தியை ஒவ்வொண்ணா மீட்டற அந்தப் பாட்டுதான். கண்ணாடியை நெத்தில தூக்கி விட்டுட்டு முழுசா பாத்தார். ஆறு நிமிஷத்துக்கு மேல ஓடற பாட்டு அது, நடுவுல எதுவும் பேசல. முடிஞ்சதும் "நல்லா தோல் பெல்ட்டு போட்டுக்கினு இருக்கான்"ன்னார். கிதார் மாட்டற ஸ்ட்ராப்பை சொல்றார்.

அப்புறம் தரையில கிடந்த பேப்பரை ஒவ்வொண்ணா கசக்கி, திரும்ப ஷூவுக்குள்ளயே திணிச்சு, ஒழுகாத பக்கமா பாத்து பரண் மேல வெச்சுட்டார்.